360 டிகிரியில வீடு பார்க்கும்போது அளந்து பார்க்கறது எப்படி?

எபிசோடின் உரைவடிவம். வாசிப்புக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.

இந்த வார எபிசோடுக்குக் காரணம் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட். அவர் நியூ ஜெர்சில வேலை பார்க்கறார். அப்பா அம்மா இங்க பெசன்ட் நகர்ல, எழுபதுகள்ல கட்டின மூணு மாடி பிளாட்ல இருக்காங்க. நம்ம ஏரியாவைத் தெரிஞ்சவங்களுக்கு மீதிக் கதை தெரியும். கடல் காத்துல கம்பி துருப்பிடிச்சு, சீலிங்ல காரை விழ ஆரம்பிச்சாச்சு. ஒரு பில்டர் வந்து, இடிச்சுட்டுப் புதுசாக் கட்டித் தரேன்னு சொல்லிருக்கார். கூடவே வாட்ஸ்அப்ல ஒரு லிங்க். திறந்தா புது வீட்டுக்குள்ள நின்னு நாலு பக்கமும் சுத்திப் பார்க்கலாம்.

நேயரோட கேள்வி இது: "எனக்கு ஹால் நல்லா பெருசாத் தெரியுது. அம்மாவுக்குப் பார்த்தா நம்ப முடியலைங்கறாங்க. பிளான்ல 11-க்கு 17 அடின்னு போட்டிருக்கு. யார் சொல்றது சரி? அடுத்த வாரம் கையெழுத்துப் போடணும்."

கையெழுத்து சின்ன விஷயம் இல்லை. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-ல நிறைவேறி, 2024 மார்ச்ல நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கிட்டாலே கட்டடத்தை இடிச்சுக் கட்டலாம். ஒருத்தர் மட்டும் மாட்டேன்னு உட்கார்ந்து எல்லாத்தையும் நிறுத்தற காலம் போயாச்சு. அதனால கையெழுத்துக்கு முன்னாடி கேக்கற கேள்விதான் உங்க கையில இருக்கற பலம். அந்தக் கேள்விக்குத் தேவையான கணக்கு அந்த லிங்க்குக்குள்ளயே இருக்கு.

அந்தப் படம் உண்மையில என்ன?

நீங்க சுத்திப் பார்க்கறது ஒரே ஒரு ஜேபெக் ஃபைல். உலக வரைபடத்தை நினைச்சுக்கோங்க. உருண்டையான பூமியை நீள்சதுரத் தாள்ல விரிச்சுப் போட்டிருப்பாங்க. இதுவும் அதே வேலைதான், ஆனா உருண்டைக்கு வெளிய நின்னு பார்க்காம உள்ள நின்னு பார்க்கறோம். இடமிருந்து வலம் 360 டிகிரி, மேலிருந்து கீழ 180 டிகிரி. அதனாலதான் படம் எப்பவும் 2:1 விகிதத்துல இருக்கும், 8192-க்கு 4096 பிக்சல் மாதிரி. இந்த விரிப்பு முறைக்குப் பேரு ஈக்விரெக்டாங்குலர். கிட்டத்தட்ட கி.பி. 100-ல டயர் நகரத்து மரினஸ் வரைபடத்துக்கு இதைப் பயன்படுத்தினதா டாலமி எழுதி வச்சிருக்கார். உங்க போன்ல ஓடறது 1900 வருஷப் பழைய ஐடியா.

வியூவர் செய்யற வேலை, அந்தத் தாளைத் திரும்ப உருண்டையா ஒட்டி, உங்களை நடுவுல நிக்க வைக்கறது. பேனலம், மார்சிப்பானோ மாதிரி ஓப்பன் சோர்ஸ் வியூவர்கள் இதை பிரௌசர்லயே வெப்ஜிஎல் மூலமா செய்யுது.

ஹால் ஏன் பெருசாத் தெரியுது?

முதல் காரணம், பார்வைக் கோணம். ஒரு நேரத்துல திரையில எத்தனை டிகிரி காட்டறோம்ங்கறதை வியூவர் தீர்மானிக்குது. பேனலம் சும்மா திறந்தா 100 டிகிரி காட்டும். உங்க போனோட சாதாரண கேமரா கிட்டத்தட்ட 70 டிகிரிதான் பார்க்குது. 100 டிகிரியை அதே திரைக்குள்ள அடைச்சா, எதிர்ச் சுவர் தூரமாப் போகும், ஓரங்கள் இழுபடும், ஹால் கல்யாண மண்டபம் மாதிரி ஆயிடும். இதுல யாரும் ஏமாத்தல, ஜியாமெட்ரி அப்படி. ரெண்டு விரலால கொஞ்சம் ஜூம் பண்ணி, 65-70 டிகிரி வர்ற அளவுக்குக் கொண்டுவந்து அப்புறம் பாருங்க. பாதி மயக்கம் அதுலயே தெளிஞ்சிடும்.

ரெண்டாவது காரணம், படத்துல அளவுகோல் கிடையாது. ஒரு புள்ளியில இருந்து எடுத்த படத்துக்கு திசை தெரியும், தூரம் தெரியாது. பொம்மை வீட்டுக்குள்ள குட்டி கேமரா வச்சு எடுத்தாலும், நிஜ வீட்டுல எடுத்தாலும், கோணங்கள் ஒண்ணாத்தான் இருக்கும். அளவைத் தர்றது கேமரா வச்ச உயரம் மட்டும்தான். அது தெரிஞ்சா மீதி எல்லாத்தையும் பத்தாங்கிளாஸ் டிரிகோணோமெட்ரில போட்டுடலாம்.

சரி, அளப்போம்

படம் நேரா, சாயாம எடுக்கப்பட்டிருந்தா, அதோட நடுவரிசைதான் கேமராவோட கண் மட்டம். 4096 பிக்சல் உயரப் படத்துல 2048-வது வரிசை. 180 டிகிரிக்கு 4096 பிக்சல்னா, ஒரு டிகிரிக்கு கிட்டத்தட்ட 22.76 பிக்சல்.

முதல்ல கேமரா உயரத்தைக் கண்டுபிடிக்கணும். அதுக்கு நமக்கு உயரம் தெரிஞ்ச ஒரு பொருள் வேணும். கதவு நல்ல சாட்சி. பில்டர் தந்த ஸ்பெசிஃபிகேஷன்ல மெயின் டோர் 7 அடின்னு இருக்கு. நேயர் அனுப்பின படத்துல, கதவோட அடி நடுக்கோட்டுக்கு 728 பிக்சல் கீழே, அதாவது 32 டிகிரி. கதவோட தலை 320 பிக்சல் மேலே, 14 டிகிரி. 32-க்கு டேன் 0.625, 14-க்கு 0.25. ரெண்டையும் கூட்டினா 0.875. 7 அடியை 0.625-ஆல பெருக்கி 0.875-ஆல வகுத்தா 5 வரும். கேமரா 5 அடி உயரத்துல இருக்கு. நம்பக்கூடிய உயரம்தான்.

இப்ப ஹாலோட அகலம். சுவரும் தரையும் சேர்ற கோடு படத்துல வளைஞ்சு தெரியும். அந்த வளைவுல ரொம்பத் தாழ்ந்த புள்ளிதான் கேமராவுக்கு நேரா, மிகக் கிட்ட இருக்கற இடம். இடது சுவர்ல அது 856 பிக்சல் கீழே, 37.6 டிகிரி. அதோட டேன் 0.77. 5-ஐ 0.77-ஆல வகுத்தா 6.5 அடி. வலது சுவர்லயும் அதே 6.5. மொத்தம் 13 அடி.

பிளான்ல 11 அடி. படத்துல 13 அடி. அம்மா சொன்னதுதான் சரி.

கால்குலேட்டர் வேண்டாம்னா, டைல்ஸை எண்ணுங்க. நம்ம ஊர் பிளாட்டுகள்ல சாதாரணமாப் போடற விட்ரிஃபைடு டைல் 2-க்கு 2 அடி. குறுக்கே அஞ்சரை டைல் இருந்தா 11 அடி. இந்தப் படத்துல ஆறரை இருந்துச்சு. ரெண்டு வழியும் ஒரே விடை. ஸ்பெசிஃபிகேஷன்ல டைல் அளவு என்ன போட்டிருக்குன்னு மட்டும் பார்த்துக்கோங்க, சில இடத்துல 800 மில்லிமீட்டர் டைலும் போடறாங்க. கட்டில் இன்னொரு சாட்சி. ஆறேகால் அடி மெத்தை நீளத்துக்கு அஞ்சடி வந்தா, யாரோ கட்டிலைச் சுருக்கிருக்காங்கன்னு அர்த்தம்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. கதவு நிஜமா 7 அடின்னு நம்பித்தான் இந்தக் கணக்கு மொத்தமும் நிக்குது. அதனால ஒரு பொருளை மட்டும் நம்பாதீங்க. கதவு, டைல், கட்டில் மூணும் ஒரே விடை சொல்லணும்.

போட்டோவா, ரெண்டரா?

கட்டாத வீட்டை போட்டோ எடுக்க முடியாது. அதனால இந்த லிங்க் முழுக்க கம்ப்யூட்டர்ல வரைஞ்ச ரெண்டர். இதுல தப்பு இல்லை, ஆனா ரெண்டர்ல கேமராவை எங்க வேணும்னாலும் வைக்கலாம், சுவரைத் தள்ளலாம், ஜன்னல் வழியா கடலைக் காட்டலாம். நிஜத்துல அந்த ஜன்னல் பக்கத்து பில்டிங்கோட சிண்டெக்ஸ் டேங்கைப் பார்க்கும்.

போகாத இடத்தைச் சுத்திக் காட்டற வியாபாரம் புதுசில்லை. ராபர்ட் பார்க்கர்னு ஒருத்தர் 1787-ல வட்டமான ஓவியக் காட்சிக்கு காப்புரிமை வாங்கினார். 1793-ல லண்டன் லெஸ்டர் சதுக்கத்துல அதுக்குன்னே ஒரு வட்டக் கட்டடம் வந்தது. 1799 மே 4 அன்னிக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் இறந்தார். அடுத்த வருஷமே ராபர்ட் கெர் போர்ட்டர் வரைஞ்ச பிரம்மாண்டமான ஸ்ரீரங்கப்பட்டணப் போர்க் காட்சியை லண்டன்ல ஜனங்க காசு கொடுத்துப் பார்த்தாங்க. வரைஞ்சவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பார்த்ததே இல்லை. ஜெயிச்சவங்க பக்கத்துக் கதையைக் கேட்டு வரைஞ்சார். பார்த்தவங்களுக்கு அங்க நேர்ல நின்ன உணர்வு. சுத்தி எல்லா பக்கமும் படம் இருந்தா, மனசு "யார் வரைஞ்சது"ன்னு கேக்க மறந்துடும்.

அதனால மூணாவது சாட்சி ஒண்ணு வேணும். நம்ம ஊருக்கு அது கொஞ்சம் லேட்டாத்தான் வந்துச்சு. கூகுள் ஸ்ட்ரீட் வியூ அமெரிக்காவுல 2007-லயே தொடங்கியாச்சு. இந்தியாவுல 2011-ல பெங்களூருல கார் ஓட ஆரம்பிச்சதும் போலீஸ் நிறுத்தச் சொல்லிட்டாங்க. 2016-ல மத்திய அரசு அனுமதி மறுத்தது. தாஜ்மகால், தஞ்சைப் பெரிய கோயில் மாதிரி சில இடங்கள் மட்டும்தான் பார்க்கக் கிடைச்சது. 2021 பிப்ரவரில வந்த புது வழிகாட்டுதல்கள், தெருக்காட்சிப் படமெடுப்பை இந்திய நிறுவனங்கள் செய்யலாம்னு அனுமதிச்சது. 2022 ஜூலைல ஜெனசிஸ் இன்டர்நேஷனல், டெக் மஹிந்திரா கூடச் சேர்ந்து 10 ஊர்ல தொடங்கினாங்க. அதுல சென்னை ஒண்ணு.

அதைத் திறந்து உங்க தெருவுல நில்லுங்க. ரெண்டர்ல காட்டற ரோடு அகலம், மரம், பக்கத்து கட்டடத்தோட உயரம் எல்லாத்தையும் ஒப்பிடுங்க. ஓரத்துல எந்த மாசம் எடுத்த படம்னும் போட்டிருக்கும். அப்பவும் எந்தப் படத்துலயும் வராத விஷயங்கள் இருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எலியட்ஸ் பீச் கூட்டத்துல உங்க கேட்டுக்கு முன்னாடி எத்தனை வண்டி நிக்கும், உப்புக் காத்து பால்கனி கிரில்லை எத்தனை வருஷத்துல தின்னும். இதுக்கு அப்பா அம்மாதான் டேட்டா சோர்ஸ்.

சட்டம் என்ன சொல்லுது?

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதான் ரேரா, 2016. அதோட பிரிவு 12, விளம்பரத்துலயோ மாடல் பிளாட்லயோ காட்டினதை நம்பிப் பணம் கட்டினவங்களுக்கு, அது பொய்யா இருந்து நஷ்டம் வந்தா இழப்பீடு தரணும்ங்குது. வேண்டாம்னு விலகினா வட்டியோட பணத்தைத் திருப்பித் தரணும். விளம்பரம்ங்கற சொல்லுக்கு அந்தச் சட்டம் தர்ற விளக்கம், எந்த ஊடகம், எந்த வடிவம்னு பார்க்காம எல்லாத்தையும் சேர்த்துக்குது.

ஆனா நம்ம ஏரியாவுக்கு ஒரு சிக்கல். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டலைன்னாலோ, வீடுகள் 8-ஐத் தாண்டலைன்னாலோ ரேரா பதிவு கட்டாயம் இல்லை. 500 சதுர மீட்டர்னா கிட்டத்தட்ட இரண்டேகால் கிரவுண்ட். பெசன்ட் நகர் மனைகள்ல நிறைய இதுக்குள்ள அடங்கிடும். அதனால முதல் வேலை, தமிழ்நாடு ரேரா தளத்துல அந்தத் திட்டம் பதிவாகியிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, உங்க ஒப்பந்தம் மட்டும்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. அதுல ரூம் அளவுகளும், கார்பெட் ஏரியாவும், யூடிஎஸ்ஸும் எண்ணா வரணும். "வெர்ச்சுவல் டூர்ல காட்டியபடி"ங்கற வரியை நம்பாதீங்க.

லிங்க்கை சேமிச்சு வைங்க. இன்னிக்கு இருக்கற லிங்க் நாளைக்கு இல்லாமப் போகலாம், இல்லை அதே முகவரியில வேற படம் வரலாம். ஒவ்வொரு ரூமா சுத்தி, தேதி தெரியற மாதிரி ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுங்க. மூலப் படத்தையும் பில்டர்கிட்ட ஈமெயில்ல கேட்டு வாங்குங்க.

பழைய வீட்டை நீங்களே எடுக்கணும்னா

இடிக்கறதுக்கு முன்னாடி இருக்கற வீட்டையும் 360-ல எடுத்து வைங்கன்னு நான் சொல்வேன். ஞாபகத்துக்கு மட்டும் இல்லை. பழைய ஹால், பால்கனி, கார் நிறுத்தற இடம் என்ன அளவுல இருந்துச்சுங்கறதுக்கு அதுதான் ஆதாரம். ரெண்டு ஃபிஷ்ஐ லென்ஸ் இருக்கற சின்ன கேமரா ஒண்ணை நண்பர்கிட்ட வாங்கினாப் போதும்.

ட்ரைபாட்ல லென்ஸ் சரியா 5 அடில இருக்கட்டும், அந்த எண்ணை எழுதி வைங்க. இப்பப் போட்ட கணக்கு பின்னாடி நேரடியா வேலை செய்யும். ரெண்டு மூணு அடிக்குள்ள எந்தப் பொருளும் வேண்டாம். ரெண்டு லென்ஸும் வேற வேற இடத்துல இருந்து பார்க்கறதால, கிட்ட இருக்கற பொருள் தையல் போடற இடத்துல வெட்டுப்படும். ஃபேனை நிறுத்துங்க, இல்லைன்னா இறக்கை அரைகுறையா விழும். மத்தியானம் ஜன்னல் வெள்ளையா எரியும், அதனால வேற வேற வெளிச்ச அளவுல மூணு படம் எடுத்துச் சேர்க்கற ஹெச்டிஆர் மோடுல வைங்க. நீங்க கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு போன்ல பட்டனை அழுத்துங்க.

ஏத்தும்போது வர்ற பிரச்சினைகள்

படத்தை வியூவர்ல போட்டா உருண்டையா வராம, வளைஞ்ச பட்டையா வருதுன்னு நிறைய பேர் கேக்கறீங்க. காரணம் பெரும்பாலும் வாட்ஸ்அப். படத்துக்குள்ள எக்ஸ்எம்பிங்கற மெட்டாடேட்டா இருக்கும். "நான் ஈக்விரெக்டாங்குலர், என் முழு அகலம் இவ்வளவு"ன்னு அது சொன்னாத்தான் மென்பொருளுக்குப் புரியும். சாதாரண போட்டோவா அனுப்பினா வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, அந்தக் குறிப்பையும் எடுத்துடும். டாக்குமெண்டா அனுப்புங்க. குறிப்பு போயிடுச்சுன்னா எக்ஸிஃப்டூல்ல திரும்ப எழுதலாம். விகிதம் 2:1 இல்லைன்னா யாரோ ஓரத்தை வெட்டிருக்காங்க, அதுல மேல சொன்ன அளவு எதுவும் சரியா வராது.

அடுத்தது சைஸ். ஜேபெக் 10 எம்பி இருக்கலாம், ஆனா கிராஃபிக்ஸ் மெமரில விரிச்சா 8192-க்கு 4096 படம் 128 எம்பி. அதை ரெண்டு மடங்கு அகலமாக்கினா 512 எம்பி. அப்பாவோட பழைய போன்ல கறுப்புத் திரை வர்றதுக்குக் காரணம் அதுதான். படத்தைச் சின்னச் சின்ன ஓடுகளா வெட்டி, பார்க்கற பக்கத்தை மட்டும் ஏத்தற மல்டி ரெசொல்யூஷன் முறை பேனலம்லயும் மார்சிப்பானோலயும் இருக்கு. ஃபைலை டபுள் கிளிக் பண்ணி பிரௌசர்ல திறந்தா படம் வரலைன்னா பயப்படாதீங்க, பாதுகாப்புக்காக பிரௌசர் தடுக்குது. பைதான்ல ஒரு வரில லோக்கல் சர்வர் ஓட விட்டா வந்துடும். எதையும் இணையத்துல ஏத்த வேண்டாம்.

ஏத்த வேண்டாம்னு ஏன் சொல்றேன்னா, 360 கேமராவுக்குப் பின்பக்கம்னு ஒண்ணு கிடையாது. சாதாரண போட்டோல மறைச்சுடற எல்லாம் இதுல விழும். கதவுக்குப் பின்னாடி மாட்டின ஈபி அட்டை, பீரோ சாவி தொங்கற ஆணி, பூஜை ரூம் வெள்ளி விளக்கு, மேஜை மேல மாத்திரைச் சீட்டு, பீரோ கண்ணாடில உங்க முகம். ஃபைலுக்குள்ள ஜிபிஎஸ் இடமும் இருக்கலாம். ரெண்டு வயசானவங்க தனியா இருக்கற வீட்டோட முழு வரைபடம் அது. பில்டருக்கு அனுப்பறதா இருந்தா, முதல்ல வீட்டை ஒதுங்க வைங்க, ஜிபிஎஸ்ஸை நீக்குங்க, பொது லிங்க் போடாதீங்க.

நேயருக்குச் சொன்னது

அவர் அந்த 11, 13 கணக்கை அப்பாவுக்கு அனுப்பினார். அப்பா அசோசியேஷன் மீட்டிங்ல கேட்டிருக்கார். பில்டர் தரப்புல வந்த பதில், "அது மாதிரிக்குக் காட்டின படம்தான் சார்." சரி, அப்படின்னா பிளான் அளவுலயே இன்னொரு படம் போட்டுத் தாங்கன்னு கேட்டிருக்காங்க, கூடவே ஒவ்வொரு ரூம் அளவும் ஒப்பந்தத்தோட இணைப்பா வரணும்னும். மத்த வீட்டுக்காரங்க சில பேர் அப்பதான் அவங்க லிங்க்ல டைல்ஸை எண்ண ஆரம்பிச்சாங்களாம். கையெழுத்து தள்ளிப் போயிருக்கு. புது படம் இன்னும் வரலை.

உங்ககிட்டயும் இப்படி லிங்க் இருந்தா, முதல்ல ஜூம் பண்ணுங்க, அப்புறம் கதவு, டைல், கட்டில். விடை பிளானோட ஒத்துப்போனா நல்லது, அதையும் எழுதி அனுப்புங்க. ஒத்துப்போகாத விடைகள்தான் வருதுன்னா அதைப் பத்தி இன்னொரு எபிசோடு பேசலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.